முன்சீட்டில் நீட்டிய கால்

என் அம்மாவின் இடது முழங்கால் வீங்கியிருப்பதை முதலில் கண்டுபிடித்தது ஒரே வீட்டில் இருக்கும் அப்பாவும் அல்ல, சமூகப்பணியில் முதுகலை முடித்துவிட்டு ஊராரின் நலனைப் பற்றி ஓயாமல் கவலைப்பட்டுக் கொண்டிருந்த நானும் அல்ல. ஜீப்பில் அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்து போகும் பெண்தான்.

இதில் வியக்க ஒன்றுமில்லை. சுருளிப்பட்டியிலிருந்து விடியுமுன் கிளம்பி, கம்பம் மெட்டு ஏறி, எல்லைக்கு அந்தப் பக்கத்து ஏலத்தோட்டங்களுக்குக் காயெடுக்கப் போகும் ஜீப்புகளை உள்ளே பார்த்தவர்களுக்கு இது புரியும். பின்பக்கம் எதிரெதிராக இரண்டு நீள இருக்கைகள் இருக்கும். அவற்றுக்கு நடுவே முழங்கால்களுக்கென்று தனியாக இடம் கிடையாது. ஆகவே, இந்த வரிசையின் முழங்கால்கள் அந்த வரிசையின் முழங்கால்களுக்கு இடையே, இரு கைகளின் விரல்களைக் கோத்தது போலச் செருகப்பட்டிருக்கும். யார் முட்டி யார் முட்டிகளுக்கு நடுவில் என்பது பல ஆண்டுகளாக உட்கார்ந்து உட்கார்ந்து முடிவானது. ஒருவர் மாறினால் எல்லோரும் மாற வேண்டும். ஒருவரின் முட்டி பருத்தாலும் அப்படித்தான்.

“யக்கா, ஒங்க முட்டி இன்னைக்கு என் தொடைய நெருக்குது. சேலைக்குள்ள என்னத்த முடிஞ்சு வச்சிருக்கீக?” என்று அந்தப் பெண் கேட்டாராம். அம்மா ஒன்றுமில்லை என்றிருக்கிறார். மாலையில் அவர் அம்மாவுடன் எங்கள் வீட்டு வாசல் வரை வந்து, என் முன்னாலேயே அம்மாவின் சேலையை முழங்காலுக்கு மேல் தூக்கிக் காட்டினார். முழங்கால் சில்லின் மேல், தோலுக்கடியில், ஒரு பெரிய எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்தது போல் இருந்தது. தொட்டால் சுட்டது. அழுத்தினால் தண்ணீர்ப் பை போல் அமுங்கி எழுந்தது.

ஏலக்காய் செடியின் உச்சியில் காய்ப்பதில்லை. அடித்தூரிலிருந்து சரம் சரமாகக் கிளம்பி, தரையோடு படர்ந்து, மண்ணை ஒட்டியே காய்க்கிறது. ஆகவே பறிப்பவர் மண்ணுக்கு இறங்க வேண்டும். சிலர் குத்தவைத்துப் பறிப்பார்கள். சிலர் சாக்கை விரித்து உட்கார்ந்தபடியே நகர்வார்கள். அம்மாவின் முறை வேறு. வலது பாதத்தை ஊன்றி, இடது முட்டியை மண்ணில் குத்தி, அம்பு விடுபவரைப் போன்ற இருப்பில் தூர் தூராகத் தாவிக்கொண்டே போவார். வேகமான முறைதான், அவருக்கு அதில் பெருமையும் உண்டு. ஆனால் மழைக்காலம் முழுவதும் அவருடைய எடையும் இடுப்பில் கட்டிய காய்ப் பையின் எடையும் அந்த ஒற்றை முட்டியின் மேல்தான் நின்றன.

தெருவில் கருத்துகளுக்குப் பஞ்சமில்லை. எதிர்வீட்டுக்காரர் அது சூட்டுக் கட்டி என்றார். பலசரக்குக் கடைக்காரர் வாயு என்றார். அந்தக் கடைக்குச் சாமான் வாங்க வந்திருந்த ஒருவர் எலும்பு தேய்ந்துவிட்டது என்றார். தேய்ந்தால் எப்படி வீங்கும் என்று நான் கேட்டதற்கு, தேய்ந்த மாவு எங்கே போகும் என்று திருப்பிக் கேட்டார். திராட்சைப் பந்தல்களுக்கு மருந்தடிக்கப் போகும் என் அப்பா மூன்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மூன்றும் சரியாகத்தான் இருக்கும் என்றார். அவர் யாரையும் மறுத்துப் பேசுவதில்லை.

எனக்கு மண்டியிடுவதுதான் காரணம் என்று பட்டது. காரணம் தெரிந்துவிட்டால் பாதித் தீர்வு கைக்கு வந்துவிட்டது என்று நம்பிய காலம் அது. பழைய மோட்டார் சைக்கிள் சீட்டிலிருந்து பஞ்சை உரித்தெடுத்து, அம்மாவின் கிழிந்த ரவிக்கைத் துணியில் வைத்துத் தைத்து, எலாஸ்டிக் கோத்து, முழங்காலுக்கு இரண்டு உறைகள் செய்தேன். அப்பா அவற்றை மாட்டிக்கொண்டு அடுப்படியில் மண்டியிட்டுப் பார்த்து, மெத்தை மாதிரி இருக்கிறது என்று சொல்லி, எழுந்திருக்க மனமில்லாமல் அப்படியே கொஞ்ச நேரம் இருந்தார். இது அம்மாவுக்கு மட்டுமல்ல, பள்ளத்தாக்கிலிருந்து மலையேறும் எல்லாப் பெண்களுக்கும் பயன்படும் என்று நினைத்தேன். எத்தனை மோட்டார் சைக்கிள் சீட்டுகள் தேவைப்படும் என்றுகூட யோசிக்கத் தொடங்கினேன்.

ஜீப்பில் முதல் வரவேற்பே சரியில்லை. “என்ன யக்கா, விக்கெட் கீப்பரா நிக்கப் போறீகளா?” என்று கேட்டார்களாம். அம்மா அதைப் பொருட்படுத்தவில்லை. ஆனால் நான் ஒன்றை மறந்துவிட்டேன். ஆடி, ஆவணியில் அந்த மலையில் மழை நிற்பதில்லை. ஈரமான இடமெல்லாம் அட்டைப்பூச்சி. பெண்கள் புகையிலையும் சுண்ணாம்பும் குழைத்துக் காலில் பூசிக்கொண்டுதான் தோட்டத்துக்குள் இறங்குவார்கள். பஞ்சோ மழைத்தண்ணீர் முழுவதையும் குடித்து, உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகி, அட்டைகளுக்கு இதைவிட நல்ல தங்குமிடம் மலையில் கிடையாது என்னும்படி ஆகிவிட்டது. மாலையில் அம்மா உறைகளைக் கழற்றிக் கொல்லையில் வீசியபோது, அவை தாமாகவே மெல்ல அசைந்தன.

“அட்டைக்கு மெத்த தச்சுக் குடுத்திருக்கியேத்தா. இனிமே தலகாணியும் கேக்குமே” என்றார் அம்மா.

வீக்கம் ஆரஞ்சுப் பழத்தை நோக்கி வளர்ந்தது. அதன் பிறகுதான் கம்பத்தில் ஒரு மருத்துவரிடம் போனோம். அவர் முழங்காலை இப்படியும் அப்படியும் திருப்பி, அழுத்தி, காய்ச்சல் இருந்ததா, தோலில் புண் உண்டா என்றெல்லாம் கேட்டு, இல்லை என்று தெரிந்ததும் நிம்மதியாக நாற்காலியில் சாய்ந்தார்.

“எலும்புக்கும் தோலுக்கும் நடுவுல உராயாம இருக்கணும்னு சின்னச் சின்னப் பை இருக்கும்மா. உள்ள கொஞ்சூண்டு வழவழப்பான தண்ணி. நீங்க தெனம் அது மேலயே ஊனுனதுல அது கோவிச்சுக்கிட்டு வீங்கிருச்சு. ஊசி போட்டு எடுக்க வேண்டிய அளவுக்கு ஒண்ணுமில்ல.”

“எத்தன நாளைக்குக் கோவிச்சுக்கும் டாக்டர்?”

“தொந்தரவு பண்ணாம விட்டா சில வாரத்துல தானா அடங்கிரும்.”

“அப்ப எங்க மதினிக்கு இது எவ்வளவோ பரவால்ல” என்றார் அம்மா.

மதினி என்று அம்மா சொன்னது அப்பாவின் அக்காவை, அதாவது என் அத்தையை. அத்தைதான் அந்த ஜீப்பில் போகும் பெண்களுக்குத் தலைவி. யார் வருவது, எந்தத் தோட்டத்துக்குப் போவது, யாருக்கு என்ன வேலை என்பதெல்லாம் அவர் வாக்கு. அவருக்கும் அம்மாவுக்கும் இரண்டு வருடங்களாகப் பேச்சில்லை. காரணம், அத்தை மகளின் கல்யாண வீடியோ. அந்தக் கல்யாணத்துக்கு ஓடி ஓடி வேலை செய்தவர் அம்மா. பெரிய திரையில் எல்லோரும் உட்கார்ந்து பார்த்தபோது, அந்த நீண்ட வீடியோவில் அம்மா வந்தது ஒரே ஓர் இடத்தில்தான். அதிலும் முழங்கைக்குக் கீழே மட்டும், சாம்பார் வாளியோடு. வாளி தெளிவாக விழுந்திருந்தது. அம்மா பாதியில் எழுந்து வந்துவிட்டார். எழுந்து போனவரைப் போய்க் கூப்பிடுவது பெண்ணைப் பெற்ற வீட்டாருக்கு மரியாதை இல்லை என்று அத்தை இருந்துவிட்டார். அன்றிலிருந்து ஒரே ஜீப்பில் போய் ஒரே தோட்டத்தில் குனிந்து நிமிர்ந்தாலும், இருவரும் நடுவில் ஓர் ஆளை வைத்துத்தான் பேசிக்கொண்டார்கள். “காய்ப் பைய மாத்தச் சொல்லு” என்று அத்தை காற்றிடம் சொல்வார். “மாத்தியாச்சுன்னு சொல்லு” என்று அம்மா செடியிடம் சொல்வார்.

மருத்துவர் மாத்திரை எழுதினார். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி ஒத்தடம் கொடுக்கச் சொன்னார். மண்டியிடவே கூடாது, காலை நெடுநேரம் மடக்கி உட்காரவும் கூடாது, நீட்டியே வைக்க வேண்டும் என்றார். ஐஸுக்கு அப்பா பொறுப்பேற்று, தெருவில் வரும் மீன்காரரின் பெட்டியிலிருந்து தினமும் வாங்கி வந்தார். அந்த வாரம் முழுவதும் தெருப் பூனை ஒன்று அம்மாவின் முழங்காலுக்கு எதிரே பக்தியோடு உட்கார்ந்திருந்தது.

அம்மாவுக்கு வலி பெரிதாகத் தெரியவில்லை. ஜீப்பில் இருந்த இடம்தான் பெரிதாகத் தெரிந்தது. எங்கள் ஊரில் இதற்கு எழுதாத விதி ஒன்று உண்டு. ஒருவர் வராத நாளில், தூக்குவாளியோடு தயாராகக் காத்திருக்கும் வேறொருவர் அந்த இடத்தில் ஏறிக்கொள்வார். அவர் தொடர்ந்து சில நாள் உட்கார்ந்து, அவருடைய முட்டி எதிர்முட்டிகளோடு பொருந்திப் பழகிவிட்டால், இடம் அவருடையது. பழைய ஆள் திரும்பி வந்தால் வேறு ஜீப் தேட வேண்டும். அம்மாவின் இடத்துக்கு ஆள் தயாராகவே இருந்தார். புதிதாகக் கல்யாணமாகி எங்கள் தெருவுக்கு வந்த பெண். நல்ல பெண்தான். தினமும் மாலை வந்து, “சின்னம்மா, முட்டி எப்படியிருக்கு? பைய எந்திரிக்கலாம், அவசரமே இல்ல” என்று அன்போடு விசாரித்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் அம்மா காலை மடக்கி மடக்கிப் பார்ப்பார்.

“இந்த எடம் போச்சுன்னா போனதுதான்” என்றார் அம்மா. “வேற ஜீப்புல யாரையும் எனக்குத் தெரியாது. யார்கிட்ட என்ன பேசுறது? வீட்டுல ஒக்காந்து ஒங்கப்பா மொகத்தப் பாத்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?”

“அதுவும் கஷ்டந்தான்” என்றார் அப்பா, உண்மையான இரக்கத்தோடு.

நான் அத்தையைப் பார்க்கப் போனேன். வாசலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, கிழிந்த காய்ப் பையைத் தைத்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதையெல்லாம் நிமிராமல் கேட்டார்.

“வேலைக்கு என்னத்தா, வேலை இருக்கு. காஞ்ச காயத் தரம் பிரிக்கிறதுக்கு ஸ்டோர்ல ஆள் கேட்டாக. அங்கன எம்புட்டு வேணுன்னாலும் கால நீட்டி ஒக்காரலாம். ஆனா ஸ்டோரு மல மேலல்ல இருக்கு. ஜீப்புல கால நீட்ட எங்கன எடம்?”

“முன்னாடி ஒரு இடம் இருக்கே அத்தை.”

“அது தூக்குவாளி வைக்கிற எடம்.”

முன்பக்கம் ஓட்டுநரைத் தவிர இருவர் உட்காரலாம். சன்னலோரம் அத்தையின் இடம். நடுவில் எப்போதும் எல்லோருடைய தூக்குவாளிகளும் அடுக்கப்பட்டிருக்கும். மதியச் சோற்றின் மீதுள்ள மரியாதையால் அல்ல. ஓட்டுபவர் அத்தையின் மருமகன். அந்த வீடியோவின் மாப்பிள்ளை. மருமகனுக்கு முன்னால் சத்தமாகக்கூடப் பேசாத மாமியார், அவரோடு தோள் உரச மலையேறுவது எப்படி? ஆகவே நடுவில் ஒரு தூக்குவாளிச் சுவர். வேறு யாரையாவது நடுவில் உட்கார வைத்தால், தலைவியின் பக்கத்தில் யார் என்று பின்னால் பேச்சு கிளம்பும்.

இங்கே நான் ஒரு முடிவுக்கு வந்தேன். அம்மாவுக்காக இடம் கேட்டால் அது சலுகை. சலுகை பொறாமையை வளர்க்கும். அதுவே எல்லோருக்கும் பொதுவான விதியானால் யாருக்கும் குறை இருக்காது. “முட்டியில் வீக்கம் இருப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கு நடு இடம் என்று ஒரு விதி வைத்துவிடுங்கள் அத்தை” என்றேன்.

அத்தை ஊசியை நிறுத்திவிட்டு என்னை முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தார். “வெதியா? சரி. நீயே வந்து சொல்லு” என்றார். அந்தப் பார்வையில் ஒரு குறும்பு இருந்தது என்று இப்போது தோன்றுகிறது.

மறுநாள் காலை, ஜீப் நிற்கும் டீக்கடை வெளிச்சத்தில், நான் விதியை விளக்கினேன். பெண்கள் மிகவும் கவனமாகக் கேட்டார்கள். நியாயமான விதி என்று எல்லோரும் சொன்னார்கள். அடுத்த நாள் காலை ஜீப்பில் போகும் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் முட்டி வீங்கியிருந்தது.

“இங்கன பாருத்தா. நேத்து ராத்திரிலருந்து விண்ணு விண்ணுன்னு தெறிக்குது.”

“அது வீக்கம் இல்லை அக்கா, சதை.”

“சதையா? எனக்கு எங்கன இருக்கு சதை? நல்லா அமுக்கிப் பாரு.”

“ஏத்தா, அவளுக்கு அந்தக் காலத்துலருந்தே முட்டி அப்படித்தான். என்னதப் பாரு.”

“ஏ, வெலகுங்கடி. எனக்கு ரெண்டும் வீங்கியிருக்கு. ரெண்டு எடம் குடுப்பியா?”

மருத்துவர் அழுத்தியதை நான் கூர்ந்து பார்த்திருந்தேன். சில்லுக்கு முன்னால் சூடும் நீரும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அதை நம்பி, டீக்கடை பெஞ்சில் வரிசையாக வைக்கப்பட்ட முழங்கால்களை ஒவ்வொன்றாக அழுத்தித் தீர்ப்புச் சொன்னேன். ஒவ்வொரு தீர்ப்பும் எனக்கு ஒரு பகையாளியைச் சம்பாதித்துக் கொடுத்தது. அதே வருடத்தின் தொடக்கத்தில்தான், ஜீப்புகளில் அளவுக்கு மேல் ஆட்களை ஏற்றுவதற்கு எதிராக நான் ஒரு மனு எழுதி, இதே பெண்களிடம் கையெழுத்து வாங்கியிருந்தேன். இப்போது அதே ஜீப்பில் ஓர் ஆளைக் கூடுதலாகத் திணிக்க முழங்கால் பரிசோதித்துக் கொண்டிருந்தேன். கொள்கைக்கும் அம்மாவுக்கும் இடையில் ஒருவர் எங்கே நிற்க வேண்டும் என்பதற்கு என் பாடத்திட்டத்தில் விடை இருந்ததாக நினைவில்லை.

டீ குடித்து முடித்த அத்தை வந்து ஜீப்பின் கதவில் ஓங்கித் தட்டினார். “டாக்டரு பாத்த முட்டி ஒண்ணே ஒண்ணுதான். அது முன்னாடி ஏறட்டும். மத்த முட்டியெல்லாம் பின்னாடி ஏறுங்க. தூக்குவாளிய அவகவக மடியில வச்சுக்கங்க.” பிறகு காற்றைப் பார்த்து, “ஏறச் சொல்லு” என்றார்.

“ஏறுறேன்னு சொல்லு” என்றார் அம்மா, கதவைப் பார்த்து.

அன்று நானும் கூடப் போனேன். பின்னால் அம்மாவின் பழைய இடத்தில், இருபுறமும் முழங்கால்கள் பூட்டிய நிலையில், மடியில் யாருடையதோ தூக்குவாளியோடு உட்கார்ந்தேன். முன்சீட்டு மூவரின் பிடரிகளும் எனக்குத் தெளிவாகத் தெரிந்தன. வலது ஓரத்தில் மாப்பிள்ளை. நடுவில் அம்மா. இடது ஓரத்தில் அத்தை. மாமியாரின் தம்பி மனைவி என்பதால் மாப்பிள்ளைக்கு அம்மா சித்தி முறை. சித்தியின் தோளில் இடிப்பதில் எந்தக் குற்றமும் இல்லை. தூக்குவாளிகள் செய்த வேலையை இனி அம்மா செய்வார் என்பது வரை கணக்கு சரியாகத்தான் இருந்தது.

கால்களை மட்டும் நான் சரியாக எண்ணிப் பார்க்கவில்லை. அம்மாவின் வலது கால் கியருக்குப் பக்கத்தில் ஒடுங்கிக்கொண்டது. நீட்ட வேண்டிய இடது காலுக்கு எதிரே நேராக இடமில்லை. அது குறுக்காகப் போய், அத்தையின் பாதங்களுக்கு முன்னால் நின்றது. சமவெளியில் அது அங்கேயே பணிவாக நின்றது. கம்பத்தைத் தாண்டி மலை ஏறத் தொடங்கி, முதல் கொண்டையூசி வளைவில் ஜீப் வலப்பக்கம் திரும்பியதும், முன்சீட்டில் இருந்தவை எல்லாம் இடப்பக்கம் சரிந்தன. அம்மாவின் பாதம் அத்தையின் கணுக்காலில் இடித்தது.

நம் கால் ஒருவர் மேல் பட்டுவிட்டால் நாம் என்ன செய்வோம் என்பது யோசித்துச் செய்வதல்ல. பட்டவரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம். பேருந்தில் முன்பின் தெரியாதவர் மீது பட்டாலும் கை தானாகவே போய்விடும். பட்டது மூத்த நாத்தனார் மீது. அம்மாவின் கை அவரைக் கேட்காமலே நீண்டு, அத்தையின் முழங்காலைத் தொட்டு, கண்ணுக்கு வந்தது. தொட்டுக் கும்பிட்டவருக்கு ‘இருக்கட்டும்’ என்று தலையையாவது அசைக்க வேண்டும். அத்தையின் தலையும் அவரைக் கேட்காமலே அசைந்தது. உடனே இருவரும், ஏதோ திருட்டில் பிடிபட்டவர்களைப் போல, நேராகச் சாலையைப் பார்த்தார்கள்.

அடுத்த வளைவு இடப்பக்கம். அத்தை அம்மா மீது சரிந்தார். அம்மா மாப்பிள்ளை மீது சரியாமல், டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டு மதில் போல் நின்றார். அதற்கடுத்து வலப்பக்கம். கால் இடித்தது. கை நீண்டது. தலை அசைந்தது. அந்த மலையில் வளைவுகளுக்குக் குறைவில்லை. ஒவ்வொரு இரண்டாவது வளைவிலும் அம்மா மன்னிப்புக் கேட்க, அத்தை மன்னித்துக்கொண்டே வந்தார். இரண்டு வருடப் பேச்சின்மைக்கு அந்தச் சாலை தயாராக இல்லை. பின்னால் பேச்சு மெல்ல அடங்கியது. எல்லோரும் அந்த இரண்டு பிடரிகளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“எத்தன வாட்டிதான் தொட்டுக் கும்பிடுவ?” என்றார் அத்தை. இந்த முறை காற்றிடம் அல்ல.

“கால் பட்டா வேற என்ன செய்யிறது மதினி?”

“இப்ப மட்டும் மதினியோ? எந்திரிச்சுப் போறப்ப தெரியலயோ?”

“வீடியோவுல நான் எங்கன இருந்தேன், சொல்லுங்க. சாம்பார் வாளிதான இருந்துச்சு.”

“ஒனக்காச்சும் கை வந்துச்சு. பொண்ணோட ஆத்தா நான். எனக்கு முதுகுதான் வந்துச்சு. அதுலயும் பாதிய வாழமரம் மறச்சிருச்சு. நான் யார்கிட்ட போயிச் சொல்றது?”

அம்மா திரும்பி அத்தையைப் பார்த்தார். இது அவருக்குப் புதிய செய்தி. பாதியில் எழுந்து வந்தவருக்கு அத்தையின் முதுகைப் பார்க்கும் வாய்ப்பு கிடைத்திருக்காது.

“வீடியோக்காரன யாரு புடிச்சா?” என்றார் அம்மா, குரலைச் சற்றே இறக்கி.

“நானா புடிச்சேன்? மாப்பிள்ள வீட்டுக்காரக புடிச்சாக. அவக வீட்டாளுகதான் வந்தாக, போனாக, வந்தாக, போனாக.”

இருவரும் ஒரே நேரத்தில் நினைவு வந்தவர்களாக வலப்பக்கம் பார்த்தார்கள். மாப்பிள்ளை, அந்தச் சாலையில் அதற்கு முன் எவரும் காட்டியிராத கவனத்தோடு வண்டி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் காது மட்டும் சிவந்திருந்தது.

“சித்தி, வளைவு வருது. புடிச்சுக்கங்க” என்றார் அவர். வளைவு வருவதற்கு இன்னும் நெடுந்தூரம் இருந்தது.

பின்னாலிருந்து ஒருவர் அடக்க முடியாமல் சிரித்துவிட்டார். அது என் மடியிலிருந்த தூக்குவாளிக்கு உரியவர். சிரிப்பில் அவருடைய முட்டி என் முட்டியை இடிக்க, நான் எனக்கு அடுத்தவரை இடிக்க, பூட்டியிருந்த முழங்கால்கள் எல்லாம் குலுங்கின. வளைவு கடைசியில் வந்தபோது அம்மாவின் கால் மறுபடி இடித்தது. அம்மாவின் கை மறுபடி நீண்டது. அத்தை அந்தக் கையைத் தட்டிவிட்டார். குனிந்து, அம்மாவின் காலைக் கெண்டைக்கால் பக்கமாகத் தூக்கி, தன் மடியில் குறுக்காக வைத்துக்கொண்டு, மேலே தன் துண்டைப் போர்த்தினார்.

“அய்யய்யோ மதினி, ஒங்க மடியில நான் கால வைக்கவா?”

“பேசாம இருடி. நீ கும்பிடுறதுல எனக்கு முட்டி தேஞ்சு போச்சு.”

உச்சியில் சோதனைச் சாவடிக்காரர் வண்டிக்குள் எட்டிப் பார்த்தார். ஒரு பெண்ணின் கால் இன்னொரு பெண்ணின் மடியில், துண்டு போர்த்தப்பட்டு, கைக்குழந்தை போல் இருப்பதைக் கண்டு, என்ன ஆயிற்று என்று தன் மலையாளத்தில் விசாரித்தார்: “எந்து பற்றி சேச்சி?”

“முட்டு வேதனையா சாரே” என்றார் அத்தை, தானே நோயாளி என்பது போன்ற முகத்தோடு.

அதன் பிறகு அந்த ஏற்பாடே நிலைத்தது. அம்மா ஸ்டோரில் காலை நீட்டிக் காய் பிரித்தார். பின்னால் காலியான இடத்தில் புதிதாகக் கல்யாணமான பெண் ஏறிக்கொண்டார். அவருடைய மெலிந்த முட்டிகள் அங்கே சிரமமில்லாமல் பொருந்திவிட்டன. யாருடைய இடமும் போகவில்லை. தூக்குவாளிகள் மட்டும் மடிக்கு மாறின. ஜீப்பில் ஓர் ஆள் கூடிவிட்டதை நான் கணக்கில் எடுத்துக்கொண்டேன்; அந்த மனுவைப் பற்றி யாரும் நினைவூட்டவில்லை.

சில வாரங்களில் மருத்துவர் சொன்னது போலவே வீக்கம் அடங்கியது. எலுமிச்சை நெல்லிக்காயாகி, நெல்லிக்காய் ஒன்றுமில்லாமல் ஆனது. பூனையும் வேறு வீடு பார்த்துக்கொண்டது. இனி மண்டியிடாமல் சாக்கில் உட்கார்ந்து பறிப்பதாக இருந்தால் பழைய வேலைக்கே போகலாம் என்று மருத்துவர் சொல்லிவிட்டார். அதாவது, காலை மடக்கிப் பின்னாலும் உட்காரலாம். அப்படியானால் விதிப்படி நடு இடத்தில் அம்மாவுக்கு உரிமை இல்லை. அம்மா பின்னால் போனால் புதுப்பெண் இறங்க வேண்டும். விதியைக் கொண்டு வந்தவள் நான், பரிசோதகரும் நானே. அன்று காலை டீக்கடை பெஞ்சில் அம்மாவின் முழங்காலை வைத்து அழுத்திப் பார்த்தேன். சூடு இல்லை, நீர் இல்லை. பின்னால் ஏறி உட்கார்ந்திருந்த புதுப்பெண் தூக்குவாளியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்தார். அம்மா தெருவிளக்கைப் பார்த்தார். பெண்கள் எல்லோரும், தங்கள் முட்டிகளைத் தள்ளுபடி செய்தவள் இப்போது என்ன சொல்லப் போகிறாள் என்று காத்திருந்தார்கள்.

“வீக்கம்...” என்று நான் தொடங்கினேன்.

“இருக்கு” என்றார் அத்தை, டீ கிளாஸை வைத்துவிட்டு.

“அத்தை, நீங்கள் பார்க்கவே இல்லையே.”

“நான் எதுக்குத்தா பாக்கணும்? தெனம் என் மடியிலதான கெடக்கு அந்தக் காலு. எனக்குத் தெரியாதா?” என்று சொல்லி, அத்தை சன்னலோரம் ஏறி உட்கார்ந்து, மடியில் துண்டை விரித்துத் தயாரானார்.